கார் ஷெட்டில் பிழைத்த கைத்தொழில்: பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மீண்ட வரலாறு

இருவர் மட்டுமே அமரக்கூடிய, மேற்கூரை திறந்து மூடத்தக்க, எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் இருபதாம் நூற்றாண்டு பிரிட்டன் உலகுக்குச் செய்து அனுப்பிய பொருள்களுள் குறிப்பிடத்தக்கது. எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, லோட்டஸ், ஜாகுவார் ஆகிய பெயர்களில் வெளிவந்த இக்கார்களுள் நடுத்தர வருவாயினர் வாங்கத்தக்கனவாக இருந்தவற்றின் உற்பத்தி 1980களின் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ முற்றிலும் நின்றுபோயிற்று. ஆயினும் அக்கார்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அருங்காட்சியகங்கள் காத்தவை அவற்றுள் மிகச் சில; அரசின் சட்டங்கள் பல காலம் அவற்றைக் காப்பதற்கு மாறாக ஒழிப்பதற்கே துணைபோயின. எழுத்தர், ஆசிரியர், ஆலைத் தொழிலாளர் எனப் பல பிழைப்புகளில் இருந்தவர்கள், மோட்டார்த் தொழிலில் முறையான பயிற்சி ஏதும் இல்லாமல், தம் வீட்டுக் கார் ஷெட்டுகளில் மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் செலுத்திய உழைப்பே அவற்றை மீட்டது. அந்த உழைப்புக்குக் கூலி கணக்கிடப்படவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் அச்சாணி.

மீட்டெடுப்பு என்னும் பணி பழுதுபார்ப்பிலிருந்து வேறுபட்டது. பழுதுபார்ப்பவர் ஓடாத உறுப்பைச் சரிசெய்து காரை மீண்டும் ஓடவிடுவார். மீட்டெடுப்பவரோ காரை ஆணி ஆணியாகப் பிரித்து, எஞ்சியதில் எது தேறும் எது தேறாது என்று தெரிந்து, துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து, எஞ்சினையும் பிரேக்கையும் மின்கம்பிகளையும் இருக்கைத் தோலையும் ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்குக் கொண்டுவர முயல்வார். இதில் டிங்கர், வெல்டர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன், தையற்காரர், சில வேளைகளில் தச்சர் ஆகிய பலருடைய வேலையும் ஒருவர் கையிலேயே வந்து சேர்கிறது.

பழமைக்கு மதிப்பு வந்த காலம்

பழைய காரை வைத்துப் பேணும் வழக்கம் பிரிட்டனில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தோன்றியது. மோட்டார் வண்டிகளின் மீதிருந்த கடுமையான வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் கொண்டாடும் முகமாக 1896 நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து கடற்கரை நகரான பிரைட்டனுக்கு ஓர் ஓட்டம் நடைபெற்றிருந்தது. அதன் நினைவாக 1927-இல் பழங்கார்களின் ஓட்டம் ஒன்று நடத்தப்பட, அதில் கலந்துகொண்டவர்கள் 1930-இல் வெட்டரன் கார் கிளப் என்னும் சங்கத்தை நிறுவினர். இது தொடக்க கால வண்டிகளுக்கான சங்கம். அதில் முதன்மை பெற்றது தொன்மையே தவிர வேகம் அன்று.

1934-இல் தோன்றிய வின்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப் வேறு வகையானது. அதிக வசதியற்ற ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்களுக்காகத் தொடங்கப்பட்ட இச்சங்கம், 1930-ஆம் ஆண்டு முடியும்வரை செய்யப்பட்ட கார்களையே தன் எல்லைக்குள் கொண்டது. உலகப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வந்த கார்கள் செலவைச் சுருக்கிப் பெருவாரியாகச் செய்யப்பட்டவை என்றும், அதற்கு முந்தையவை பொறியாளர்களின் கைத்திறன் குன்றாமல் உருவானவை என்றும் அதன் உறுப்பினர்கள் கருதினர். பொருளாதாரக் காரணமும் இதனுள் அடங்கியிருந்தது. பத்தாண்டு பழமையான பென்ட்லியோ பிரேசர் நாஷோ அன்று யாரும் விரும்பாத பழைய வண்டியாகச் சொற்ப விலைக்குக் கிடைத்தது. வாங்கக்கூடிய இளைஞருக்கு அதைப் பட்டறையில் விட்டுச் செப்பனிடப் பணம் இருக்கவில்லை. எனவே வாங்கியவரே ஸ்பேனர் பிடிக்க நேர்ந்தது.

இதற்கு இடமும் நேரமும் அதே காலத்தில் வாய்த்தன. நகரங்களின் விளிம்பில் வரிசை வரிசையாக எழுந்த இரட்டை வீடுகளில் பக்கவாட்டில் கார் நிறுத்த இடம் விடப்பட்டது. 1938-இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் இயற்றப்பட்டது. போருக்குப் பின் ஐந்து நாள் வேலை வாரம் பரவலாயிற்று. கட்டாய இராணுவப் பணியில் லாரிகளோடும் டாங்கிகளோடும் பழகிய இளைஞர் பலர், எஞ்சினைத் திறக்க அஞ்சாத தலைமுறையாக வீடு திரும்பினர். 1953-இல் ஹென்றி கொர்னீலியஸ் இயக்கத்தில் வெளிவந்த ‘ஜெனிவீவ்’ என்னும் நகைச்சுவைத் திரைப்படம், 1904-ஆம் ஆண்டின் டராக் கார் ஒன்றை நாயகியாக்கி, பிரைட்டன் ஓட்டத்தையும் பழைய கார் மோகத்தையும் மோட்டார்ச் சங்கங்களுக்கு வெளியே இருந்த பொதுமக்களிடமும் கொண்டுசென்றது.

ஆஸ்டின் செவனும் வரிவிதிப்பும்

வீட்டில் கார் செய்யும் பழக்கத்திற்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது ஆஸ்டின் செவன் என்னும் சிறுகார். 1922 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட இந்தக் கார், 747 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தின் வடிவில் அமைந்த எளிய சேசிஸும் கொண்டது. சேசிஸ் என்பது எஞ்சின், சக்கரங்கள், உடற்பகுதி அனைத்தையும் தாங்கும் எஃகுச் சட்டம். அதன்மேல் இருந்த உளுத்த உடற்பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, அலுமினியத் தகட்டில் இலகுவான கூடு ஒன்றை அடித்துப் பொருத்தி, எஞ்சினைச் சற்று மெருகேற்றினால் மலிவான பந்தயக் கார் கிடைத்தது. ‘ஸ்பெஷல்’ என்று அழைக்கப்பட்ட இத்தகைய கார்களுக்காகவே 1939-இல் 750 மோட்டார் கிளப் தோன்றியது. போர்க்காலத்தில் தொடங்கி 1950 மே வரை நீடித்த பெட்ரோல் பங்கீட்டினால் கார் ஓட்டுவது அரிதாயிற்று. ஓட்ட முடியாத நாள்களில் காரைப் பிரித்துப் பூட்டுவது பொழுதுபோக்காயிற்று.

பின்னாளில் லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மன் 1948-இல் தம் முதற் காரை ஓர் ஆஸ்டின் செவனிலிருந்தே, சாதாரணக் கார் ஷெட் ஒன்றில், செய்தார். 1957-இல் அவர் வெளியிட்ட லோட்டஸ் செவன், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உதிரிகளின் தொகுப்பாகவும் விற்கப்பட்டது. முழுமையாகப் பூட்டிய புதுக் காருக்கு அன்று கொள்முதல் வரி என்னும் பெயரில் பெருந்தொகை விதிக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அது மொத்த வியாபார விலையில் மூன்றில் இரு பங்கை எட்டியிருந்தது. உதிரிகளாக விற்ற காருக்கு இவ்வரி இல்லை. ஆனால் பூட்டும் முறை விளக்கத்தை உடன் தரலாகாது என்ற விதி இருந்ததால், பிரிக்கும் முறையை அச்சிட்டுக் கொடுத்து அதைக் கடைசியிலிருந்து முதல் வரை பின்பற்றச் சொன்னார்கள் என்று லோட்டஸ் வட்டாரங்களில் சொல்லப்படுவதுண்டு. 1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தபோது இந்தச் சலுகை முடிவுற்றது; ஆனால் அதற்குள், கார் என்பது வீட்டில் வைத்துப் பூட்டக்கூடிய பொருள்தான் என்ற துணிவு ஒரு தலைமுறைக்கு வந்துவிட்டது.

அந்தத் துணிவை அச்சில் ஏற்றியவர் ஜான் ஹெய்ன்ஸ். பள்ளி மாணவராக இருந்தபோதே ஆஸ்டின் செவன் ஸ்பெஷல் ஒன்றைச் செய்து, அதைச் செய்யும் முறையைச் சிறு நூலாக 1956-இல் வெளியிட்ட இவர், பின்னர் விமானப் படையில் ஏடனில் பணியாற்றியபோது நண்பர் ஒருவரின் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் காரைப் பிரித்துப் பூட்ட உதவினார். நிறுவனம் தந்த கையேடு தேர்ந்த மெக்கானிக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகையால் சாதாரண உரிமையாளருக்குப் பயன்படவில்லை. காரை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு படியையும் படமெடுத்து, எழுதியவரே செய்துபார்த்ததை மட்டும் விளக்கும் கையேட்டு முறை இவ்வாறு பிறந்தது. ஸ்பிரைட் காருக்கான முதற் கையேடு 1966-இல் வெளிவந்தது. தொழிற் பயிற்சியில் குருவிடமிருந்து மாணவருக்குப் போய்க்கொண்டிருந்த அறிவு புத்தகக் கடையில் விலைக்குக் கிடைத்தது அப்போதுதான்.

ஆபிங்டன் செய்தவையும் அவற்றின் கட்டமைப்பும்

வீட்டில் மீட்டெடுக்கப்படும் கார்களில் முதலிடம் எம்ஜி கார்களுக்கு உரியது. ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய மோரிஸ் கராஜஸ் என்னும் விற்பனை நிலையத்தின் மேலாளராக 1922-இல் பொறுப்பேற்ற செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் கார்களின் உறுப்புகளைக் கொண்டே அழகும் விறுவிறுப்பும் உள்ள கார்களை உருவாக்கினார். அந்நிலையத்தின் பெயரின் முதலெழுத்துகளே எம்ஜி ஆயின. 1928-இல் வெளிவந்த மிட்ஜெட் சிறுகார் மோரிஸ் மைனரின் 847 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டது. சிறிது காலத்தில் உற்பத்தி ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் சிற்றூருக்கு மாறி, அடுத்த ஐம்பதாண்டுகள் அங்கேயே நிலைத்தது. பெருவாரியாகச் செய்யப்படும் குடும்பக் கார்களின் உறுப்புகளைப் பயன்படுத்தும் கிம்பரின் முறையே பிற்கால மீட்டெடுப்பாளர்களுக்குக் கைகொடுத்தது. அரிய காருக்கும் உதிரி சாதாரணக் காரிலிருந்தே கிடைத்தது.

ஆயினும் எம்ஜி கார்கள் அனைத்தும் ஒரே வகையான உழைப்பைக் கோருவன அல்ல. போர் முடிந்த 1945-இல் தொடங்கி 1949 வரை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் வெளிவந்த டி.சி. என்னும் மாதிரி, பழைய முறைப்படி, தனிச் சேசிஸின்மேல் ஆஷ் மரச்சட்டம் அமைத்து அதன்மேல் எஃகுத் தகடு போர்த்திய உடற்பகுதியைக் கொண்டது. வெளியே பளபளக்கும் தகட்டுக்கு உள்ளே மரம் உளுத்திருந்தால் கதவு தொங்கிவிடும், எனவே டி.சி.யை மீட்பவருக்கு வெல்டிங்கை விட மூட்டுவாய் வெட்டும் தச்சுவேலையே முதலில் தேவைப்பட்டது.

அக்காரின் 1,250 கன சென்டிமீட்டர் எஞ்சினில் புதியவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொரு செய்தி உண்டு. முதல் உலகப் போரின்போது பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் காவன்ட்ரி நகரில் ஆலை ஒன்றை நிறுவியிருந்தது. அதை 1923-இல் மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மெட்ரிக் அளவில் மரை வெட்டுபவை. அவற்றை மாற்றுவதற்குப் பெருஞ்செலவு ஆகுமாதலால் போல்ட்டின் மரையை மெட்ரிக் அளவிலேயே விட்டுவிட்டு, பிரிட்டிஷ் மெக்கானிக்குகளிடம் இருந்த ஸ்பேனருக்குப் பொருந்தும்படி போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தனர். விட்வொர்த் என்பது 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த பிரிட்டிஷ் மரைத் திட்டம். இதனால் ஸ்பேனர் சரியாகப் பிடிக்கிறதே என்று நம்பிக் கடையில் வாங்கிய விட்வொர்த் போல்ட்டை முடுக்கியவர்கள் எஞ்சின் பிளாக்கின் மரையைக் கெடுத்துக்கொண்டனர். இந்த விநோதம் 1955-இல் டி.எஃப். மாதிரி நின்றதோடு முடிந்தது. ஆனால் ஒரு போல்ட்டைக் கூடத் தொலைக்காமல் பை பையாகக் கட்டிப் பெயரெழுதி வைக்க வேண்டும் என்ற பாடத்தை அது பல தலைமுறை மீட்டெடுப்பாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

1955-இல் வந்த எம்ஜிஏ, தனிச் சேசிஸை விடாமல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. 1962-இல் வந்த எம்ஜிபி அதைக் கைவிட்டது. மானகாக் எனப்படும் கட்டமைப்பில், மடித்து வெல்டிங் செய்த எஃகுத் தகடுகளே ஒன்றுசேர்ந்து உடற்கூடாகவும் சுமைதாங்கியாகவும் அமைகின்றன. இதனால் கார் இலேசாகவும் இடவசதியுடனும் அமைந்தது. 1980 வரை பல வடிவங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டு, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே மிகுந்த எண்ணிக்கையில் விற்றவற்றுள் ஒன்று. வீட்டு மீட்டெடுப்பின் வரலாறு பெரிதும் இந்தக் காரின் வரலாறாகவே அமைந்ததற்குக் காரணம் அதன் எண்ணிக்கை மட்டுமன்று. அதன் துருவும் காரணம்.

துருவும் சட்டமும்

பிரிட்டனில் குளிர்காலப் பனி உறையாதிருக்கச் சாலைகளில் உப்புத் தூவப்படுகிறது. உப்பு கலந்த சேறு மூடிய தகட்டு மடிப்புகளுக்குள் புகுந்து தங்கி, வெளியே பெயின்ட் கெடாமல் இருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கிறது. தனிச் சேசிஸ் உள்ள காரில் உடற்பகுதி அரித்தாலும் வண்டி நிற்கும். மானகாக் காரிலோ தகடு போனால் எலும்பே போனதாகிவிடும்.

இதே காலத்தில் சட்டமும் இறுகியது. போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் காலத்தில், 1960-இல், பத்தாண்டுக்கு மேற்பட்ட கார்களின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்ற விதி வந்தது. அமைச்சகத்தின் பெயரால் எம்.ஓ.டி. என்று இன்றும் அழைக்கப்படும் இச்சோதனையில் தேறாதவை மிகுதியாக இருந்ததால், வயது வரம்பு அடுத்த ஆண்டே ஏழாகவும், 1967-இல் மூன்றாகவும் குறைக்கப்பட்டது. 1977-இல் உடற்கூட்டின் உறுதியும் சோதனையில் சேர்ந்தது. அன்றிலிருந்து துரு என்பது அழகுக்கு வந்த கேடு மட்டுமாக இல்லாமல் சாலையில் ஓடும் உரிமையையே பறிப்பதாயிற்று. பட்டறை உரிமையாளர் துருவைச் சரிசெய்யக் கேட்ட கூலி காரின் சந்தை விலையைப் பல மடங்கு மிஞ்சியதால், உரிமையாளருக்கு இரண்டே வழிகள் இருந்தன: காயலான் கடைக்கு அனுப்புவது, அல்லது வெல்டிங் கற்றுக்கொள்வது.

இரண்டாம் வழியை மேற்கொண்டவர் சந்தித்த வேலையின் தன்மையை எம்ஜிபியின் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்னும் பகுதியைக் கொண்டு அறியலாம். கூரையில்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்துப் பிடிப்பது பெரிதும் இதுதான். வெளித்தகடு, நடுவே செங்குத்தாக நிற்கும் உள்தகடு, அடியில் கோட்டை மதிலின் விளிம்பைப் போல் வெட்டுண்ட பட்டை ஆகியவை சேர்ந்த பெட்டி அது. வெளித்தகடு முன்பக்க மட்கார்டின் கீழ்ப்பகுதிக்குப் பின்னால் மறைந்திருப்பதால், மட்கார்டைக் கழற்றியோ அதன் அடியை வெட்டியோதான் அதை அடைய முடியும். எல்லாவற்றுக்கும் முன்னர் காரை உறுதியான தாங்கிகளின்மேல் சமமாக நிறுத்தி, கதவு இடைவெளிகளை அளந்து குறித்து, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பியால் முட்டுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பழைய சில்லை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். புதுச் சில்லை வெல்டிங் செய்து முடித்த பின்னர்தான் கதவு மூடவில்லை என்பது தெரியவரும். ஆகவே ஒரு பக்கத்தை முழுவதும் முடித்து, கதவைப் பலமுறை மூடித் திறந்து பார்த்த பின்னரே அடுத்த பக்கத்தைத் தொடுவது எழுதாத விதியாயிற்று. ஆலையில் சில நொடிகளில் அழுத்தி வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரிப்பதற்கே பல மாலைகள் பிடித்தன.

இந்த வேலை சாதாரண மனிதருக்கு எட்டும்படியானது கருவிகளின் மாற்றத்தாலும் ஆகும். அதுவரை மெல்லிய தகட்டை இணைக்க ஆக்சி-அசெட்டிலின் சுவாலையே வழி. அது தகட்டை நெளியச் செய்யும், வீட்டில் வாயு உருளைகளை வைத்திருப்பதும் எளிதன்று. மிக் வெல்டிங் என்னும் முறையில் கம்பிச் சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாக வந்து உருக, ஆர்கான் கலந்த வாயு அதைக் காற்றிலிருந்து காக்கிறது. வீட்டு மின்சாரத்திலேயே இயங்கும் சிறு மிக் இயந்திரங்கள் 1980களில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கின; உள்ளூர்த் தொழிற்கல்லூரிகளின் மாலை வகுப்புகளில் அதைப் பயில முடிந்தது. பெயின்டில் மட்டும் எதிர்த்திசை மாற்றம் நிகழ்ந்தது. பழைய செல்லுலோஸ் பெயின்ட்டைக் கார் ஷெட்டிலேயே தெளித்துத் தேய்த்து மெருகிட முடிந்தது. அதற்குப் பின் வந்த இரு கலவைப் பெயின்ட்டில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும் நஞ்சாகையால், தனிக் காற்று வசதியின்றி அதைத் தெளிப்பது ஆபத்தாயிற்று. அதனால் மற்றெல்லாம் தாமே செய்தவர்களும் கடைசிப் பூச்சை மட்டும் பெயின்டரிடம் விடுவது வழக்கமாயிற்று.

ஆலை மூடியபின் எழுந்த தொழில்

1970களில் இந்த ஆர்வம் ஓர் அமைப்பாகத் திரண்டது. பியூலி என்னும் ஊரில் மோட்டார் அருங்காட்சியகம் நடத்திய மான்டேகு பிரபு 1967-இல் தொடங்கிய பழைய உதிரிச் சந்தை ஆண்டுதோறும் பெருகியது. 1973-இல் எம்ஜி உரிமையாளர் சங்கம் ஒன்று புதிதாகத் தோன்றியது. அதே ஆண்டில் போருக்குப் பிந்தைய கார்களைக் ‘கிளாசிக்’ என்னும் பெயரால் கொண்டாடும் மாத இதழும் வந்தது. 1980-இல் தொடங்கிய பிராக்டிகல் கிளாசிக்ஸ் இதழ் ஒரு படி மேலே போய், வாசகரே செய்துபார்க்கும் வகையில் முழு மீட்டெடுப்புகளைத் தொடராக வெளியிட்டது.

அதே 1980-இன் அக்டோபரில் ஆபிங்டன் ஆலை மூடப்பட்டது. டாலருக்கு எதிராகப் பவுண்டின் மதிப்பு உயர்ந்து அமெரிக்க விற்பனை நட்டமாகியது, பதினெட்டாண்டுகளாக அடிப்படை மாற்றம் பெறாத வடிவமைப்பு, தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்டின் நெருக்கடி ஆகியன அதற்குக் காரணங்கள். வழக்கமாக ஓர் ஆலை மூடினால் சில ஆண்டுகளில் உதிரிகளும் அற்றுப்போகும், கார்கள் மறையும். இங்கே நடந்தது வேறு. அமெரிக்காவில் அல் மாஸ் 1948-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய பட்டறை, ஆலை கைவிட்ட பழைய எம்ஜி உதிரிகளைத் தானே செய்வித்து விற்கும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் துருவின்றி நின்ற கார்களை வாங்கிக் கப்பலேற்றி, இடப்பக்க ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றி, பிரிட்டனிலேயே மறுபடி விற்கும் வணிகமும் எழுந்தது.

இவ்வரலாற்றின் உச்ச நிகழ்ச்சி 1988-இல் நேர்ந்தது. பழைய மாதிரிகளின் உதிரிகளுக்காக 1975-இல் உருவான பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம், டேவிட் பிஷப்பின் முயற்சியால், எம்ஜிபி தகடுகளை அழுத்திச் செய்த மூல அச்சுகளைத் தேடித் திரட்டி, முழு உடற்கூட்டையே மீண்டும் செய்யத் தொடங்கியது. துருப்பிடித்த கூட்டை ஓராண்டு வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவரால் இனிப் புதுக்கூட்டை வாங்கித் தம் பழைய எஞ்சினையும் சக்கரங்களையும் அதற்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. அடுத்து, அந்தக் கூட்டையே அடிப்படையாகக் கொண்டு 1992-இல் ரோவர் நிறுவனம் ஆர்.வி.8 என்னும் புதிய எம்ஜியை வெளியிட்டது. செய்யப்பட்ட ஏறத்தாழ 2,000 கார்களில் பெரும்பகுதி ஜப்பானுக்குச் சென்றது. மூடிய ஆலையின் மாதிரி ஒன்று, அதை விடாமல் ஓட்டியவர்களின் தேவையால், மறுபடியும் தயாரிப்புக்கு வந்ததென்பது மோட்டார்த் தொழிலில் அரிய நிகழ்வு.

இந்த வழக்கம் ஏன் எல்லா நாடுகளிலும் இவ்வாறு வேரூன்றவில்லை என்பதற்குச் சென்னை ஒரு சான்று. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் வந்தபோது அதன் அடிப்படையாக அமைந்தது டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸ்; இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. அந்த ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்னும் பெயரில் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் செய்தது. எனவே, ஸ்பிட்ஃபயரை மீட்பவருக்குத் தேவையான அறிவில் ஒரு பங்கு தமிழ்நாட்டு மெக்கானிக்குகளிடமும் இருந்தது. ஆனால் இங்கு டிங்கரிங்குக்கும் பெயின்ட்டுக்கும் குஷன் வேலைக்கும் தனித்தனிக் கைவினைஞர்கள் தெருவுக்குத் தெரு கிடைத்ததாலும் கூலி குறைவாக இருந்ததாலும் உரிமையாளர் ஸ்பேனர் பிடிக்க வேண்டிய தேவை எழவில்லை. பிரிட்டனில் கூலி உயர்ந்ததே அமெச்சூர் மீட்டெடுப்பாளரை உருவாக்கியது.

எது பழைய கார்?

உறுப்புகள் பலவும் மாறிய பின்னரும் அது அதே கார்தானா என்ற கேள்வி தத்துவ விளையாட்டாக நிற்கவில்லை, நீதிமன்றத்திற்கே சென்றது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி, பின்னர் எஞ்சினும் உடற்பகுதியும் உட்படப் பல மாற்றங்களுக்கு உள்ளானது. அதன் விற்பனை குறித்த வழக்கில் 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம், இடையறாத வரலாறு உள்ளதால் அது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்னே என்று தீர்ப்பளித்தது. உறுப்புகளின் வயதைக் காட்டிலும் வரலாற்றின் தொடர்ச்சியே காரின் அடையாளம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறையோ இதை மதிப்பெண்களால் அளந்துவந்தது. பெருமாற்றம் பெற்ற கார் தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டு மதிப்பெண் வேண்டியிருந்தது. சேசிஸ் அல்லது மானகாக் கூட்டுக்கு ஐந்து, சஸ்பென்ஷன், அச்சு, கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கு ஒன்று. காரின் உயிர் என்று பலரும் கருதும் எஞ்சினுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் என்பது கவனிக்கத்தக்கது. ஆலையிலிருந்து கார் வெளிவந்த நாள், நிறம், இருக்கைத் தோல், அனுப்பப்பட்ட ஊர் முதலிய விவரங்களைப் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்துச் சான்றிதழாக வழங்கும் பணியைக் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் செய்துவருகிறது. ஆலை தந்ததைவிடப் பளபளப்பாகக் காரை மாற்றிவிடும் போக்கிற்கு எதிராக, இயன்றவரை மூலப் பொருளை மாற்றாமல் காக்க வேண்டும் என்னும் கொள்கையைப் பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் டூரின் சாசனமாக ஏற்றது.

அரசின் நிலையும் காலப்போக்கில் மாறியுள்ளது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து நீங்கியபோது, மென்மையான வால்வு இருக்கைகளைக் கொண்ட பழைய எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட்டில் கடினமான வளையங்களைப் பொருத்த நேர்ந்தது. 2014 முதல் நாற்பதாண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி நீக்கப்பட்டது. 2018 மே முதல், பெருமாற்றம் பெறாத அத்தகைய கார்களுக்கு எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை என்றாயிற்று. ஒரு காலத்தில் அவற்றைச் சாலையிலிருந்து அகற்றிய சட்டமே, உரிமையாளர்கள் அவற்றைத் தாமாகவே செம்மையாக வைத்திருப்பர் என்று நம்பத் தொடங்கியதை இது காட்டுகிறது. கைவிடப்பட்ட விமானப் படைத்தளமான பிஸ்டரில் பழைய கார்களுக்கான பட்டறைகள் திரண்டு, இளைஞர்களுக்கு இத்தொழில் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. ஜப்பானின் மஸ்தா நிறுவனம், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பின்பற்றி 1989-இல் தான் வெளியிட்ட சிறுகாரின் முதல் மாதிரிகளைத் தானே மீட்டுத் தரும் திட்டத்தை 2017-இல் அறிவித்தது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், ஆலை, பட்டறை, காப்பீடு, சந்தை ஆகிய எதன் கணக்கிலும் இந்தக் கார்கள் பிழைத்திருக்க நியாயமில்லை என்பது விளங்கும். பல ஆயிரம் பவுண்டு பெறுமான கூலியை விழுங்கும் சில் வேலையை, அதில் ஒரு பங்குகூடப் பெறாத காருக்குச் செய்ய எந்த வணிகரும் முன்வந்திருக்க மாட்டார். அமெச்சூர் முன்வந்தார், அவருடைய தேவையைக் கண்டு உதிரி வணிகர் வந்தார், பின்னர் நிறுவனமும், அருங்காட்சியகமும், சட்டமும் வந்தன. ஒரு தொழிலின் அறிவு அத்தொழிற்சாலையோடு அழிந்துதான் தீரவேண்டும் என்பதில்லை. ஆபிங்டன் மூடி நாற்பதாண்டுகளுக்கு மேலான பின்னரும் எம்ஜிபிக்குப் புதிய உடற்கூடு விலைக்குக் கிடைக்கிறது என்பதே அதற்குப் போதிய சான்று.